கெண்டைக்கால் துடிப்பும் பிசகான கேள்வியும்

இரவு படுக்கையில் சாய்ந்ததும் கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் ஓரிடம் துள்ளுகிறது. நிற்கிறது, மறுபடி துள்ளுகிறது. இரண்டு நாள் கழித்து அதே துள்ளல் தோள்பட்டையில், பிறகு கீழ் இமையில். வலி கிடையாது, நடையில் குறை கிடையாது. பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மட்டும் கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடிய சில நிமிடங்களில் ஏ.எல்.எஸ். என்ற பெயரில் போய் முட்டிக்கொள்கிறார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் படிப்படியாக அழிந்து, கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகப் பறிபோகும் நோய் அது. 1869-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ அதை விவரித்தார். 1939-இல் பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு வந்ததிலிருந்து அமெரிக்காவில் அவர் பெயராலேயே வழங்குகிறது. நமக்கு ஸ்டீபன் ஹாக்கிங் வழியாகத் தெரியும். 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொள்ளும் சவால் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. நோயாளிகளுக்கு அது நன்மை செய்தது. நோயில்லாத எத்தனையோ பேருடைய தூக்கத்தையும் அது கெடுத்திருக்கக்கூடும்.

இந்த அச்சத்தில் சிக்கியவர்களுக்குத் தகவல் பற்றாக்குறை இல்லை. நரம்பியல் பாடநூலில் உள்ளதில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படியிருந்தும் பயம் ஏன் தணிவதில்லை? அவர்கள் கேட்கும் கேள்வி பிசகானது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். “அந்த நோயில் தசை துடிக்குமா?” என்று கேட்கிறார்கள். துடிக்கும். எத்தனை இடத்தில் கேட்டாலும் அதே விடைதான் வரும், ஒவ்வொரு முறையும் பயம் ஒரு படி ஏறும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தசை துடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் இருக்கிறது? ரீட், கர்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-இல் மருத்துவத் துறையில் பணிபுரியும் 539 ஆரோக்கியமானவர்களை விசாரித்தார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தங்களுக்கு ஏதோ ஒரு வகையில் தசை துடித்திருப்பதாகச் சொன்னார்கள். ஏ.எல்.எஸ். நோயோ ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வருவது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தை எடுத்துக்கொண்டால், எப்போதாவது தசை துடித்தவர்கள் எழுபதாயிரம் பேர். அந்த ஆண்டு நோய்வாய்ப்படுபவர்கள் இரண்டு பேர். அந்த இருவருக்கும் துடிப்பு இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டாலும், துடிப்பை மட்டும் வைத்து நோயை ஊகிப்பது எழுபதாயிரம் பேரில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொடுவதற்குச் சமம். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு.

துடிப்பு இவ்வளவு பொதுவானதாக இருப்பதற்கு உடலமைப்பிலேயே விளக்கம் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணு ஒரேயொரு தசைநாரை இயக்குவதில்லை. நுனியில் பல கிளைகளாகப் பிரிந்து ஒரு கூட்டத்தையே இயக்குகிறது. கண்ணை அசைக்கும் தசையில் அந்தக் கூட்டத்தில் பத்து நார்கள்கூடத் தேறாது. கெண்டைக்கால் தசையிலோ ஒரு நரம்பணுவின் கீழ் சுமார் 1,900 நார்கள் இருப்பதாக 1955-இல் வெளியான ஓர் அளவீடு சொல்கிறது. நரம்பின் நுனிக்கிளை ஏதோ காரணத்தால் சற்றே கிளர்ச்சியுற்று, மூளையின் கட்டளையில்லாமல் ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டால், அத்தனை நார்களும் ஒரே நேரத்தில் சுருங்கும். வெளியே தெரியாமல் எப்படி இருக்கும்? நோயற்றவர்களின் துடிப்பு கெண்டைக்காலில் அதிகம் காணப்படுவதில் ஆச்சரியமில்லை. இமையில் தெரிவதற்குக் காரணம் வேறு: அங்கே தோல் மிக மெல்லியது. காப்பி, தூக்கக் குறைவு, கடும் உடற்பயிற்சி, காய்ச்சலுக்குப் பிந்தைய அசதி ஆகிய எல்லாம் இந்த நுனிக்கிளைகளைக் கிளறக்கூடியவை. இந்தத் துடிப்பு மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. டென்னி-பிரவுன் என்ற நரம்பியலாளர் 1948-இலேயே ஃபோலி என்பவருடன் சேர்ந்து தீங்கற்ற தசைத்துடிப்பு என்று தனியாகப் பெயரிட்டு எழுதிவிட்டார்.

ஏ.எல்.எஸ். நோயாளி மருத்துவரிடம் வரும் விதமே வேறு. அவர் பெரும்பாலும் துடிப்பைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாவியைத் திருக முடியவில்லை, மாடிப்படியில் கால் தட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்று வருவார். தோளிலும் தொடையிலும் தசை துடித்துக்கொண்டிருப்பதை மருத்துவர்தான் காட்டுவார்; “இதையா? இதை நான் கவனிக்கவே இல்லையே” என்பார் நோயாளி. நம் ஊர் நரம்பியல் மருத்துவர்கள் தசை பலவீனத்தை அளக்க இன்றைக்கும் கேட்கும் கேள்விகள் இயந்திரத்துக்குச் சளைத்தவையல்ல. “சாதம் பிசைய வருதா?” என்பது விரல் வலிமைக்கு. “தலை வாரும்போது கை சோர்ந்துபோகுதா?” என்பது தோளுக்கு. “நடக்கும்போது செருப்பு கழண்டு போகுதா? போறது உங்களுக்குத் தெரியுதா?” என்பது பாதத்துக்கு. செருப்பு கழல்வது தெரிந்தும் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றால் பழுது தசை வலிமையில். கழன்றதே தெரியவில்லை என்றால் பழுது தொடு உணர்வில். இவற்றில் துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏ.எல்.எஸ். நோயைத் தீர்மானிக்க 2020-இல் வெளியான கோல்டு கோஸ்ட் வரையறையும் முதல் நிபந்தனையாகக் கேட்பது, நாளுக்கு நாள் முன்னேறும் இயக்கக் குறைவைத்தான்.

ஏ.எல்.எஸ். அடங்கிய மோட்டார் நியூரான் நோய்களில் நம் மண்ணின் பெயரைத் தாங்கிய ஒன்றும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் சென்னையில் இளம் வயதினரிடம் கண்ட ஒரு தனி வகையை விவரித்தார்கள். மருத்துவ உலகம் அதை ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்கிறது. தென்னிந்தியாவில் அதிகம் பதிவான அரிய நோய். இளமையிலேயே வருவது என்பதால், இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இதைப் படித்தால் கலங்கிப்போக வாய்ப்புண்டு. ஆனால் அந்த நோயின் அடையாளங்கள் என்ன? கைகால் மெலிவு, முகத்திலும் தொண்டையிலும் தசைத் தளர்ச்சி, பலருக்குக் காது கேளாமை. அதன் போக்கும் ஏ.எல்.எஸ். போன்றதல்ல, மெதுவானது. வெறும் துடிப்போடு முடிந்துபோகும் நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் பிசகான கேள்வி ஏன் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது? ஒரு பங்கு தேடுபொறிகளுடையது. மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர்கள் வைட்டும் ஹார்விட்சும் 2009-இல் இணையத்தில் நோய் தேடுவோரின் பதற்றத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சாதாரண அறிகுறிகளில் தலைவலியோடும் நெஞ்சுவலியோடும் தசைத்துடிப்பும் ஒன்று. தேடல் முடிவுகளில் கொடிய நோய்கள் அவற்றின் உண்மையான அளவுக்குப் பொருத்தமே இல்லாமல் முன்னே வந்து நின்றன. ஆனால் பழியைத் தொழில்நுட்பத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. துடிப்பைச் செய்தியாகப் படிக்கும் வழக்கம் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின் இறுதியில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. வரப்போவது யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று வாசகருக்கு உடனே விளங்கிவிடுகிறது. இன்றும் கண் துடித்தால் வலதா இடதா என்று கேட்காத வீடு குறைவு. நிமித்தம் பார்ப்பதிலாவது நல்லதும் கெட்டதும் சரிபாதி. தேடுபொறி நிமித்தத்தில் இரண்டு பக்கமும் கெட்டதுதான்.

பயம் பிடித்த பிறகு நடப்பதை உற்றுப் பார்த்தால், பயமே தனக்கான சாட்சியங்களை உற்பத்தி செய்துகொள்வது தெரியும். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறார்கள், நாக்கு நடுங்குகிறது. நீட்டிய நாக்கு எல்லோருக்கும் நடுங்கும். மருத்துவர் பார்ப்பது வாய்க்குள் ஓய்வாகக் கிடக்கும் நாக்கை. இரண்டு கெண்டைக்காலையும் இன்ச் டேப்பால் அளக்கிறார்கள். அரை அங்குலம் வித்தியாசம் வருகிறது. எவருடைய உடலும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். குதிகாலில் பத்துத் தடவை, முன்பாதத்தில் இருபது தடவை நடந்து பார்க்கிறார்கள். சோதித்துச் சோதித்துக் களைத்த தசை கூடுதலாகத் துடிக்கிறது. பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமூச்சில் ரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, நரம்புகளை அடக்கி வைத்திருக்கும் கால்சியம் அயனிகள் குறைகின்றன. விளைவு: விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு, தசைகளில் கூடுதல் துடிப்பு. “பயத்தால் எப்படிச் சதை துடிக்கும்?” என்று கேட்பவருக்குக் கற்பனையை இழுக்காமலே, வேதியியலை வைத்து விடை சொல்ல முடியும்.

இங்கே மருத்துவமும் தவறான திசையில் உதவுகிறது. பயந்தவருக்கு ஆறுதல் சொல்ல நாம் எல்லோரும் செய்வது இன்னொரு சோதனை. ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் சோதனை, தசையில் ஊசி செலுத்தி மின்துடிப்பைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. என்று வரிசை நீளும். ஈ.எம்.ஜி. முடிந்த அன்று நிம்மதி, சில நாளில், “ஊசி போட்டது இடது காலில், இப்போது துடிப்பது வலது காலில் அல்லவா?” என்று ஆரம்பிக்கும். சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1986-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள்: திரும்பத் திரும்பக் கிடைக்கும் ஆறுதல் பயத்தை ஆற்றுவதற்குப் பதிலாக வளர்க்கிறது. 2013-இல் ரோல்ஃபும் பர்ட்டனும் 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,828 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடுமையான நோய்க்கு வாய்ப்புக் குறைந்தவர்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைகள் அவர்களுடைய கவலையை நீடித்துக் குறைப்பதில்லை என்பது அதில் தெளிவாயிற்று. இன்னும் சொல்லப்போனால், அறிவே மருந்தாக இருந்திருந்தால் மருத்துவர்களுக்கு இந்த அச்சம் வந்திருக்கக் கூடாது. வருகிறது, அதுவும் அடிக்கடி. சிட்னி நகர நரம்பியலாளர்கள் சைமனும் கீர்னனும், தசை துடிக்கிறது என்று தங்களிடம் ஓடிவந்த சக மருத்துவர்களின் கவலைக்கு 2013-இல் ஒரு தனிப் பெயரே சூட்டவேண்டி வந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இருப்பவற்றில் வலுவானது இது: ஏ.எல்.எஸ். தொடங்கியதும் பலவீனம் தெரிந்துவிடாது. சில நரம்பணுக்கள் மடிந்தாலும் பக்கத்து நரம்பணுக்கள் கிளை நீட்டி அநாதையான தசைநார்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. கணிசமான இழப்பு ஏற்படும்வரை வலிமை குறையாமல் இருக்கலாம். அப்படியென்றால் துடிப்பே முதல் அறிகுறியாக இருக்கக்கூடாதா? இருக்கக்கூடும். அய்சன், ஸ்டூவர்ட் இருவரும் 1994-இலும், டி கார்வால்யோவும் ஸ்வாஷும் 2004-இலும் தீங்கற்றதாகத் தோன்றிய துடிப்பு பின்னால் அப்படி இல்லாமல் போன அரிதான நிகழ்வுகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இதை மறைத்து ஆறுதல் சொல்வது நேர்மையாகாது. மறைத்தால் அச்சப்படுபவர் தானே கண்டுபிடிப்பார், அதன்பின் எவரையும் நம்பமாட்டார். எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது மேயோ கிளினிக்கின் தொடர்பார்வை. 1993-இல் வெளியான அந்த ஆய்வில், முறையான பரிசோதனையில் தீங்கற்ற துடிப்பு என்று தீர்மானிக்கப்பட்ட 121 பேரை 2 ஆண்டு முதல் 32 ஆண்டுவரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை. தத்தெடுப்பு நடந்துகொண்டிருந்தால் அதுவும் ஈ.எம்.ஜி.க்குத் தப்பாது. தத்தெடுத்த நரம்பணுவின் மின்னலை வழக்கத்தைவிடப் பெரிதாகியிருக்கும். அநாதையான நார்கள் தனித்தனியே எழுப்பும் ஒலி, தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல் ஒலிபெருக்கியில் கேட்கும். ஆகவே பலவீனம் இல்லாதவருக்கு ஒரு முழுமையான உடல் பரிசோதனை, மருத்துவருக்கு ஐயம் இருந்தால் ஒரு ஈ.எம்.ஜி., சில மாதம் கழித்து மறுபடி ஒரு பார்வை. அந்த அரிய நிகழ்வுகள் கோருவது இவ்வளவுதான். தினமும் கண்ணாடி பார்ப்பதை அவை கோரவில்லை.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பமானது. ஜப்பானின் அவாஜி தீவில் கூடிய நிபுணர்கள் 2008-இல் வெளியிட்ட வரையறை, ஈ.எம்.ஜி.யில் தெரியும் துடிப்பை நோய்க்கான சான்றாக ஏற்றுக்கொண்டது. துடிப்புக்குப் பொருளில்லை என்று அப்புறம் எப்படிச் சொல்வது? வரையறையை இன்னும் ஒரு வரி கூடுதலாகப் படித்தால் போதும். நரம்புச் சேதத்தின் பழைய தடயம் ஏற்கெனவே உள்ள தசையில்தான் துடிப்புக்கு அந்த மதிப்பு; மற்றபடி சீராக இருக்கும் தசையில் துடிப்பு தனித்து நின்று எதையும் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு மறுப்பு சொல்லவேண்டும். “எல்லாம் உங்க மனப்பிரமை, போய் நிம்மதியாத் தூங்குங்க” என்று அனுப்பிவிடும் மருத்துவர் பாதி உண்மையைக்கூடச் சொல்லவில்லை. துடிப்பு பிரமை அல்ல, கண்ணால் காணக்கூடிய உடல் நிகழ்வு. துடிப்பு உள்ள எல்லோரும் பதற்றக்காரர்களும் அல்ல. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தீங்கற்ற துடிப்புள்ள 35 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தது; துடிப்பு பெரும்பாலோருக்கு நிற்கவில்லை, நோயும் எவருக்கும் வரவில்லை, கடும் பதற்றம் இருந்தவர்கள் சிறுபான்மையினரே. துடிப்பு ஒன்று, அதைப் பற்றிய பயம் வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. துடிப்பை நிறுத்திக் காட்டினால்தான் பயம் போகும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. மேலும் ஏ.எல்.எஸ். இல்லை என்பதால் விசாரிக்கவே வேண்டாம் என்றும் ஆகாது. தைராய்டு மிகைச் சுரப்பு, மக்னீசியம் அல்லது கால்சியம் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் தசையைத் துடிக்கவைக்கும். வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, மூச்சுத்திணறல் இவற்றோடு தசை துடித்தால் அது ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது அது. கேள்வியைச் சரியாகக் கேட்கும் மருத்துவருக்கு இவை நினைவில் இருக்கும்.

கடைசி மறுப்பு கணக்கைப் பற்றியது அல்ல, இழப்பைப் பற்றியது. வாய்ப்பு லட்சத்தில் இரண்டாகவே இருக்கட்டும். வந்துவிட்டால் எல்லாம் போய்விடுமே, அதனால் விழிப்போடு இருப்பதுதானே புத்திசாலித்தனம்? புற்றுநோய் சிலவற்றில் இந்த வாதம் செல்லும், ஏனென்றால் அங்கே முந்திக் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம். இங்கே நிலைமை அப்படியில்லை என்பதைக் கசப்பானாலும் சொல்லியாகவேண்டும். 1995-இல் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் மருந்து தரும் கூடுதல் ஆயுள் சில மாதங்களே; 2023-இல் வந்த டோஃபர்சென், குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிறழ்வு உள்ள சிறு பிரிவினருக்கு மட்டும். பலவீனம் தலைகாட்டிய பிறகு மருத்துவரிடம் போகிறவர், துடிப்புக் காலத்திலேயே தினம் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்தவரைவிட இழப்பது மிகக் குறைவு. விழிப்புக்கு விலை இருக்கிறது, ஆனால் வாங்கிக்கொள்ளப் பொருள் இல்லை.

அந்த விலை சிறியதும் அல்ல. 2023-இல் வெளியான சுவீடன் பதிவேட்டு ஆய்வு ஒன்று, நோய்ப் பயக் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்த 4,129 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டது. இவர்கள் சராசரியைவிட முன்னதாக இறந்திருந்தார்கள்; இயற்கையான காரணங்களாலும் கூடுதலாக, தற்கொலையாலும் கூடுதலாக. தற்கொலை அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மருத்துவப் பதிவேட்டில் ஏறும் அளவுக்கு முற்றியவர்கள் இவர்கள் என்பதை மறக்கக்கூடாது. எப்போதாவது கவலைப்படுகிறவருக்கு இந்த எண்கள் பொருந்தா. ஆனால் சாவுக்கு அஞ்சும் நோயைச் சிரித்து ஒதுக்குவது எத்தனை தவறு என்பதை இவை காட்டுகின்றன. இதற்குச் சிகிச்சை உண்டு என்பது நம் மருத்துவமனைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை. இங்கிலாந்தில் டைரரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இதயம், நரம்பியல் போன்ற பொதுப் பிரிவுகளுக்கு வந்த 444 பேருக்கு உடல்நலப் பதற்றம் இருந்தது. ஒரு பிரிவினருக்கு ஐந்து முதல் பத்து அமர்வுகள்வரை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளித்தார்கள். சுயசோதனையை நிறுத்துவது, ஆறுதல் தேடுவதைக் குறைப்பது, துடிப்பைத் துடிப்பாகவே இருக்கவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பது என்பவை இவ்வகைச் சிகிச்சையின் அடிப்படைகள். பலன் இரண்டு ஆண்டு நின்றது. பிந்தைய பின்தொடர்தலில் ஐந்து ஆண்டுவரை தெரிந்தது. இதில் நமக்குப் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று: சிகிச்சை அளித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அளித்தபோது பலன் நன்றாகவே இருந்தது. மனநல மருத்துவர்கள் போதாத தமிழ்நாட்டில், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடிப் பணியாளர்களை அனுப்பிப் பழகிவிட்டது. நரம்பியல் புறநோயாளிப் பிரிவில், “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்ற சீட்டோடு நோயாளியை அனுப்பும் இடத்தில், இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை உட்காரவைக்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வாரத்துக்கு ஒருமுறை அதே நோயாளிக்கு முக்கால் மணி நேரமும் போதும்.